ஸ்விட்ச் போர்ட்டில் 802.1எக்ஸ்: ஆளுக்கேற்ற விலான் தருவது எப்படி

மீட்டிங் அறைச் சுவரில் இருக்கும் நெட்வொர்க் பாயிண்டில் யார் கேபிளைச் சொருகினாலும் ஐபி முகவரி கிடைக்கிறது என்றால், பூட்டில்லாத வாசல் அது. 802.1எக்ஸ் என்ற அடையாளச் சோதனை முறையைப் போட்டால், சொருகியவர் யார் என்று தெரியும்வரை போர்ட் திறக்காது. தெரிந்தபின் அவருக்கு உரிய விலானில் (ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்கில்) கொண்டுபோய்ச் சேர்க்கும். இங்கே சிஸ்கோ கேட்டலிஸ்ட் ஸ்விட்ச்சையும் டெபியன் லினக்ஸில் ஓடும், பயனரைச் சோதித்துச் சொல்லும் ரேடியஸ் சர்வரான ஃப்ரீரேடியஸ் 3.0-ஐயும் வைத்துப் பார்ப்போம். கணக்குப் பிரிவுக்கு விலான் 10, மற்ற ஊழியர்களுக்கு 20, பிரிண்டர்களுக்கு 30.

முதலில் ஸ்விட்ச்சில் ஒரு லோக்கல் யூசரை உருவாக்குங்கள். அதன் பிறகுதான், யார், என்ன அனுமதி என்ற சோதனைகளை இயக்கும் ‘ஏஏஏ நியூ-மாடல்’ கட்டளை. வரிசை மாறினால் அடுத்த முறை எஸ்எஸ்ஹெச்சில் உள்ளே வர முடியாது. கன்சோல் கேபிளோடு ரேக் முன்னால் போய் நிற்க வேண்டியதுதான். பிறகு ரேடியஸ் சர்வரின் முகவரி, அது கேட்கும் போர்ட் எண்கள் 1812, 1813, பகிர்ந்த ரகசியச் சொல் ஆகியவற்றைக் கொடுங்கள். அதே ரகசியச் சொல்லும் ஸ்விட்ச்சின் ஐபியும் ஃப்ரீரேடியஸின் கிளையன்ட்ஸ் கோப்பில் இருக்க வேண்டும். ஸ்விட்ச்சுக்குப் பல ஐபிகள் இருந்தால், எதிலிருந்து பேச வேண்டும் என்பதை ‘ஐபி ரேடியஸ் சோர்ஸ்-இன்டர்ஃபேஸ்’ கொண்டு கட்டிவிடுங்கள். சர்வருக்குத் தெரியாத ஐபியிலிருந்து வரும் கோரிக்கைக்குப் பதிலே வராது.

அடுத்து மூன்று கட்டளைகள்: ‘ஏஏஏ ஆத்தென்டிகேஷன் டாட்1எக்ஸ் டிஃபால்ட் குரூப் ரேடியஸ்’, ‘ஏஏஏ ஆத்தரைசேஷன் நெட்வொர்க் டிஃபால்ட் குரூப் ரேடியஸ்’, ‘டாட்1எக்ஸ் சிஸ்டம்-ஆத்-கன்ட்ரோல்’. பலரும் விட்டுவிடுவது நடுவில் உள்ளதை. அது இல்லாவிட்டாலும் பயனர் உள்ளே வந்துவிடுவார். சர்வர் அனுப்பிய விலானை மட்டும் ஸ்விட்ச் கண்டுகொள்ளாது.

போர்ட்டில் அக்சஸ் மோட், அக்சஸ் விலான் 20, ‘ஆத்தென்டிகேஷன் போர்ட்-கன்ட்ரோல் ஆட்டோ’, ‘டாட்1எக்ஸ் பேஇ ஆத்தென்டிகேட்டர்’, ‘மேப்’ (மேக் முகவரியை வைத்துச் சோதிக்கும் மாற்று வழி), ஸ்பானிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட். மேசையில் ஐபி ஃபோனும் அதன் பின்னால் கணினியும் இருந்தால் ஹோஸ்ட்-மோட் ‘மல்டி-டொமைன்’. மற்ற ஸ்விட்ச்சுக்கோ ரவுட்டருக்கோ போகும் அப்லிங்க் போர்ட்டில் இவற்றைப் போடவே கூடாது.

தொடக்கத்தில் ‘ஆத்தென்டிகேஷன் ஓப்பன்’ சேர்த்துச் சில நாள் ஓடவிடுங்கள். சோதனை நடக்கும், ஆனால் தோற்றவரும் உள்ளே வரலாம். யார் யார் தோற்கிறார்கள் என்பது லாகில் தெரிந்துவிடும். இந்த நாட்களில் சர்வரிலிருந்து விலான் அனுப்பாதீர்கள். திறந்த போர்ட்டில் கணினி முந்திக்கொண்டு 20-இல் ஐபி வாங்கிவிடும். பிறகு போர்ட் 10-க்கு மாறும். பழைய முகவரியோடு கணினி திண்டாடும்.

இனி சர்வர் பக்கம். விலானைச் சொல்ல மூன்று பண்புகள் சேர்ந்து போக வேண்டும்: எண் 64 டனல்-டைப், மதிப்பு 13, எண் 65 டனல்-மீடியம்-டைப், மதிப்பு 6, எண் 81 டனல்-பிரைவேட்-குரூப்-ஐடி, மதிப்பு "10". யூசர்ஸ் கோப்பில் பெயரும் கடவுச்சொல்லும் முதல் வரியில் வரும். பண்புகள் அடுத்தடுத்த வரிகளில் டேப் தள்ளி, காற்புள்ளியுடன். கடைசி வரிக்கு மட்டும் காற்புள்ளி கிடையாது.

இத்தனை செய்தும் விலான் மாறவில்லையா? ‘ஷோ ஆத்தென்டிகேஷன் செஷன்ஸ்’ கட்டளையை இன்டர்ஃபேஸ் பெயரும் ‘டீடெயில்ஸ்’ என்ற சொல்லும் சேர்த்து அடியுங்கள். ‘சர்வர் பாலிசீஸ்’ என்ற தலைப்பின் கீழ் விலான் 10 என்று இருக்க வேண்டும். ஆத்தரைஸ்டு என்று காட்டி, அந்த வரி மட்டும் இல்லையென்றால் ஃப்ரீரேடியஸை நிறுத்திவிட்டு ‘-எக்ஸ்’ கொடுத்து டீபக் நிலையில் ஓடவிட்டு, கடைசியாகப் போகும் அக்சஸ்-அக்செப்ட்டைப் படியுங்கள். பீப் என்பது கடவுச்சொல் சோதனையை மறைகுறியாக்கிய டனலுக்குள் நடத்தும் முறை; அதில் பயனரைச் சோதிப்பது அந்த உள் டனலில். பண்புகள் அங்கேயே தங்கி, வெளியே போகும் பதிலில் ஏறாமல் போவதுதான் வழக்கமான கோளாறு. இஏபி கோப்பின் பீப் பகுதியில் ‘யூஸ்_டனல்டு_ரிப்ளை’ என்பதை ‘எஸ்’ ஆக்கினால் சரியாகும். ரேட்டெஸ்ட் கருவியில் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்ததே என்று குழம்ப வேண்டாம்; அது வழக்கமாக பாப் என்ற எளிய கடவுச்சொல் முறையில் நேராகக் கேட்கிறது, டனல் பக்கமே போவதில்லை. டனல் வழியாகவே கேட்கக்கூடிய இஏபிஓஎல்_டெஸ்ட் கருவியில் சோதியுங்கள்.

பதிலில் பண்புகள் ஏறியும் போர்ட் திறக்கவில்லை என்றால், அந்த விலானே ஸ்விட்ச்சில் இல்லாமலிருக்கலாம். எண்ணுக்குப் பதில் பெயர் அனுப்பினால் ஸ்விட்ச்சில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். விலான் மாறியும் ஐபி வரவில்லை என்றால் அப்லிங்க் ட்ரங்கில் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பில்) 10 அனுமதிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள்.

விண்டோஸ் கணினியில் நெட்வொர்க் அடாப்டரின் பண்புகளில் ஆத்தென்டிகேஷன் டேப் காணவில்லையா? ‘வயர்டு ஆட்டோகான்ஃபிக்’ சேவை ஓடவில்லை. தொடங்கி, தானாகத் தொடங்கும்படி மாற்றுங்கள். சர்வர் சான்றிதழைச் சரிபார்க்கும் தேர்வை நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் போலி சர்வர் வைத்தவரிடமும் கணினி பேசத் தொடங்கிவிடும்.

பிரிண்டருக்கு 802.1எக்ஸ் தெரியாவிட்டால் மேப் கைகொடுக்கும். மேக் முகவரி 00:11:22:33:44:55 என்றால் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் 001122334455. எழுத்துகள் வந்தால் சிறிய எழுத்தில். இயல்பான அமைப்பில் ஸ்விட்ச் 30 வினாடி இடைவெளியில் மூன்று முறை கேட்டுப் பார்த்துவிட்டு, 90 வினாடி கழித்துத்தான் மேப்புக்கு இறங்கும். அதற்குள் பிரிண்டர் டிஹெச்சிபியில் ஐபி கேட்பதைக் கைவிட்டிருக்கலாம். ‘டாட்1எக்ஸ் டைம்அவுட் டிஎக்ஸ்-பீரியட் 10’ போட்டால் 30 வினாடியில் முடியும். மேக் முகவரியை யாரும் போலியாக வைத்துக்கொள்ளலாம் என்பதால், விலான் 30-இலிருந்து பிரிண்ட் சர்வருக்கு மட்டும் வழிவிட்டு மற்றதை ஏசிஎல்லில் (அனுமதிப் பட்டியலில்) அடையுங்கள்.

சர்வர் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். ‘ஆத்தென்டிகேஷன் ஈவென்ட் சர்வர் டெட் ஆக்ஷன் ஆத்தரைஸ் விலான் 20’ என்றால் புதிதாகச் சொருகுபவர் 20-க்குப் போவார். ‘சர்வர் அலைவ் ஆக்ஷன் ரீஇனிஷியலைஸ்’ சேர்த்தால் சர்வர் எழுந்ததும் மறுபடி சோதனை நடக்கும். வேலை நேரம் முடிந்தபின் ஃப்ரீரேடியஸை நிறுத்தி, ஒரு போர்ட்டை அணைத்து ஏற்றி, இது நடக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே மற்ற போர்ட்டுகளிலிருந்து ‘ஓப்பன்’ வரியை எடுங்கள்.