மிளகு மணந்தால் எல்லாம் ஷிராஸ் ஆகிவிடுமா?

லேபிளை மறைத்து ஊற்றிய சிவப்பு ஒயினில் மிளகு மணந்ததும் பெரும்பாலோர் வாயில் முதலில் வரும் திராட்சை ரகத்தின் பெயர் ஷிராஸ். இத்தாலியின் வடகிழக்கிலுள்ள ஃப்ரியூலி பகுதியில், ஸ்லோவேனிய எல்லையை ஒட்டிய பிரெபோட்டோவின் ஸ்கியோப்பெட்டினோ இப்படித்தான் பிடிபடாமல் நழுவுகிறது. ஏறக்குறைய அழிந்தே போயிருந்த ரகம் இது. 1970-களில் ரபுட்ஸி குடும்பத்தினர் எஞ்சிய கொடிகளைத் தேடிச் சேர்த்து, சியாலா பள்ளத்தாக்கில் மறுபடி நட்டார்கள். அப்படி மீட்ட ஒன்றை வேறு பெயர் சொல்லி அழைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

மிளகு மணத்தைத் தருவது ரோட்டண்டோன் என்ற சேர்மம். நம் அஞ்சறைப் பெட்டி மிளகில் மணப்பதும் அதுவே. ஷிராஸில் அது இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். பிறகு ஸ்கியோப்பெட்டினோவிலும், வெஸ்போலினாவிலும், வெள்ளை ரகமான க்ரூனர் வெல்ட்லினரிலும்கூட அது தென்பட்டது. ஆக, மிளகை மட்டும் வைத்து ரகத்தைச் சொல்ல வழியில்லை.

அந்த 2008 ஆய்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த மணம் தெரியவே இல்லை. 'மிளகு இல்லை, எனவே இது ஸ்கியோப்பெட்டினோ இல்லை' என்று அடித்துச் சொல்லும் முன், மிளகு மணத்துக்குப் பெயர்பெற்ற ஓர் ஒயினை நண்பர்களோடு முகர்ந்து, உங்கள் மூக்கைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

முகர்ந்ததோடு தீர்ப்பு எழுதுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. வாயில் வைத்துப் பாருங்கள். ஸ்கியோப்பெட்டினோவில் புளிப்பு எடுப்பாக இருக்கும், துவர்ப்பு அடங்கியிருக்கும், உடல், அதாவது வாயில் உணரும் கனம், நடுத்தரம். பிளாக்பெர்ரி, கருஞ்செர்ரியின் சாயல் வரும். பிரான்சின் வடக்கு ரோன் பகுதி ஷிராஸ், அங்கே அதன் பெயர் சிரா, பெரும்பாலும் இதைவிடக் கனமானது. புகையும் கறியும் ஆலிவும் அதில் கலந்து மணக்கும். இன்னும் குழப்புவது அதே ஃப்ரியூலி மண்ணின் ரெஃபோஸ்கோ. அதன் துவர்ப்பு முரடானது, விழுங்கிய பின் இலேசான கசப்பும் தங்கும். ஸ்கியோப்பெட்டினோ, ரெஃபோஸ்கோ இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒருமுறையாவது சுவைத்திருக்க வேண்டும். படித்துத் தெரிந்துகொள்ளும் வேறுபாடு இல்லை இது.

ஓக் பீப்பாயின் வெனிலா மணத்தைத் திராட்சையின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அறைச் சூட்டிலும் ஊற்றாதீர்கள்: 16 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் நல்லது, அதற்கு மிக மேலே போனால் ஆல்கஹால் நெடி எல்லாவற்றையும் மூடிவிடும்.

இதைக் கற்றவர்கள் செய்யும் தவறு வேறு. மிளகு வந்தாலே ஸ்கியோப்பெட்டினோ என்று பாய்கிறார்கள். முதலில் ஷிராஸை நியாயமான காரணத்தோடு விலக்குங்கள். புளிப்பு, துவர்ப்பு, உடல் மூன்றையும் தாளில் குறித்த பிறகே பெயரை எழுதுங்கள்.