எல்.எஸ்.டி டிஃபரன்சியலில் கை வைக்கும் தம்பிமாருக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பக்கத்துக் கராஜில் வேலை பழகும் இரண்டு பொடியன்கள் ஒரு பழைய ஹைலக்ஸ் பிக்கப்பின் பின் டிஃபரன்சியலை, அதாவது இரண்டு பின் சில்லுக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் கியர்க் கூட்டை, கழற்றி மேசையில் வைத்திருந்தார்கள். தேத்தண்ணி குடிக்கப் போன நான் எட்டிப் பார்த்தேன். ஒருவன் பினியன் (டிஃபரன்சியலைச் சுழற்றும் சின்னக் கியர்) நட்டில் ஸ்பானரைக் கொடுத்து, அதன் வாலில் நீளக் குழாயையும் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தான். "கொஞ்சம் கூடிப்போச்சு அண்ணை, கால் சுத்து பின்னுக்கு எடுத்துப்போட்டு விடுறன்" என்றான். இருபது வருடங்களுக்கு முன் நான் சொன்ன அதே வசனம். தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனேன்.

அன்றைக்கு அவர்களுக்குச் சொன்னதையும் சொல்ல நேரம் இல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன். ஒயில் விட மறப்பது, போல்ட்டை இறுக்காமல் விடுவது போன்றவற்றைப் பற்றி எழுதப்போவதில்லை. அவை ஒரு தடவை நடந்தால் பிறகு நடக்காது. செய்தவனுக்கே தெரியாமல் நடந்து, இரண்டு மாதம் கழித்து வாகனத்தைத் தெருவில் நிறுத்திவிடும் தவறுகள்தான் எனக்குக் கவலை. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025இல் திரும்பத் தொடங்கும் வரை, முப்பது வயதான ஹைலக்ஸையும் பஜேரோவையும் திருத்தித் திருத்தித்தான் ஓடினோம். இன்றைக்கும் புதியது வாங்கக்கூடியவர்கள் கொஞ்சப் பேர்தான். அதனால் இந்த வேலை இன்னும் கனகாலம் இருக்கும்.

சத்தம் கேட்டவுடன் கழற்றுவது

சாதாரண டிஃபரன்சியலில் ஒரு சில்லு மணலில் சுழன்றால் மற்றச் சில்லு சும்மா நிற்கும். எல்.எஸ்.டியில், அதாவது வழுக்கலை மட்டுப்படுத்தும் லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்சியலில், அக்சில்கள் மாட்டும் பக்கக் கியர்களுக்குப் பின்னால் உராய்வு ப்ளேட்டும் இரும்பு ப்ளேட்டும் மாறி மாறி அடுக்கியிருக்கும். ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் அந்த அடுக்கு இறுகி, சுழலும் சில்லைப் பிடித்துக்கொண்டு மற்றச் சில்லுக்கும் பலத்தைக் கொடுக்கும். யாழ்ப்பாணத்தில் வல்லிபுரத்துக்கு அப்பால் மணற்காட்டுப் பக்கம் மீன் ஏற்றப் போகும் வண்டிகளுக்கு இதன் அருமை தெரியும்.

இந்த ப்ளேட் தேய்ந்தால் சத்தம் வரும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. தேய்ந்த எல்.எஸ்.டி ஒரு சத்தமும் போடாது. சாதாரண டிஃபரன்சியல் மாதிரி அமைதியாக ஓடி, மணலில் இறங்கியதும் ஒற்றைச் சில்லைச் சுழற்றிக் குழி தோண்டும். ஒடுக்கமான வளைவில் மெதுவாகத் திருப்பும்போது பின்னால் கடகடவென்று உதறினால், ப்ளேட் இன்னும் பிடிக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். ஆனால் வழுக்கிப் பிடிக்க வேண்டிய ப்ளேட், ஒட்டி ஒட்டி விடுகிறது. யாரோ சாதாரண கியர் ஒயிலை விட்டிருப்பார்கள், அல்லது ஒயில் பழசாகியிருக்கும். உள்ளே இருப்பதை வடித்துவிட்டு, டின்னில் எல்.எஸ்.டி என்று எழுதியிருக்கும் ஜி.எல்-5 தரக் கியர் ஒயிலை, வாகனத்தின் திருத்த வேலைப் புத்தகத்தில் சொன்ன தடிப்பில் விடுங்கள். வெறுமையான ஒரு மைதானத்தில் எட்டுப் போடுவது போல இடமும் வலமுமாகப் பத்துப் பதினைந்து சுற்று மெதுவாக ஓட்டுங்கள். பாதி வாகனங்களில் உதறல் அதோடு போய்விடும்.

அளக்காமல் கழற்றுவது

முன் சில்லுகளுக்கு அடைக்கல் வையுங்கள். ஒரு பின் சில்லைத் தரையில் விட்டு மற்றதைத் தூக்குங்கள். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் விட்டிருக்க வேண்டும். தூக்கிய பக்கத்தில் சில்லுப் பூட்டும் ஹப்பை, இறுக்க அளவு காட்டும் டோர்க் ரெஞ்சால் திருப்பி, எந்த இறுக்கத்தில் அசைகிறது என்று பாருங்கள். அந்த வாகனத்தின் புத்தகத்தில் இருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை. இந்த எண் கையில் இல்லாமல் திறந்தால், பூட்டிய பிறகு திருந்தியதா இல்லையா என்று யாருக்கும் சொல்ல முடியாது.

தேய்ந்த ப்ளேட்டுக்குச் சிம் கொடுப்பது

ப்ளேட் மெலிந்துவிட்டது, தடித்த சிம் (இடைவெளியை நிரப்பும் தகடு) ஒன்றைக் கொடுத்து அடுக்கை இறுக்கினால் போதும் என்று ஒரு யோசனை வரும். அளந்து பார்த்தால் இறுக்கமும் காட்டும். ஆனால் உராய்வுப் பரப்புப் போன ப்ளேட் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. சூடேறி நீலம் பாய்ந்த இரும்பு ப்ளேட்டும், காது தேய்ந்து ஆடும் ப்ளேட்டும் அப்படித்தான். மாற்றுவதென்றால் முழு அடுக்கையும் மாற்றுங்கள். புதிய உராய்வு ப்ளேட்டுகளைப் பூட்டுவதற்கு முன் எல்.எஸ்.டி ஒயிலில் ஊறப் போடுங்கள். நான் முதல்நாள் பின்னேரமே ஒரு தட்டத்தில் போட்டு மூடி வைத்துவிடுவேன். உலர்ந்த ப்ளேட்டைப் பூட்டி ஓடினால் முதல் சில கிலோமீற்றரிலேயே முகம் கருகும்.

கிரஷ் ஸ்லீவ்

இதற்குத்தான் அன்றைக்குத் தேத்தண்ணியை விட்டுவிட்டு ஓடினேன்.

பினியனுக்கு முன்னும் பின்னும் இரண்டு கூம்புப் பெயாரிங் இருக்கும். அவற்றுக்கு இடையில் ஒரு மெல்லிய இரும்புக் குழாய், நடுவில் கொஞ்சம் புடைத்தபடி. அதுதான் கிரஷ் ஸ்லீவ். பினியன் நட்டை இறுக்க இறுக்க இந்தப் புடைப்பு நசுங்கும். நசுங்கியபடியே இரண்டு பெயாரிங்கையும் எதிரெதிர்ப் பக்கமாகத் தள்ளி வைத்திருக்கும். பெயாரிங்கில் இருக்க வேண்டிய சின்ன இறுக்கம், நாங்கள் ப்ரீலோட் என்று சொல்வது, இந்தக் குழாய் கொடுக்கும் எதிர்ப்பில்தான் நிற்கிறது.

கையில் அது எப்படி உணரும் என்று சொல்கிறேன். குழாய் நசுங்கத் தொடங்கவே முழு உடம்பையும் கொடுத்து இழுக்க வேண்டும். நட் திரும்பும், ஆனால் பினியனை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தால் இன்னும் ஆடும். இன்னும் கொஞ்சம், இன்னும் ஆடும். பிறகு ஆட்டம் நின்றுவிடும். அந்த இடத்திலிருந்து சரியான அளவுக்கும் கூடிப்போனதுக்கும் இடையில் இருப்பது நட்டின் ஒரு சின்ன அசைவு. நீளக் குழாய் மாட்டிய ஸ்பானரில் அது தெரியவே தெரியாது.

கூடிவிட்டால் நட்டைப் பின்னுக்கு எடுக்கத் தோன்றும். நசுங்கிய குழாய் திரும்பப் பழைய நீளத்துக்கு வராது. நட்டைத் தளர்த்தியவுடன் பெயாரிங்கைத் தள்ளிப் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. கையால் சுற்றிப் பார்த்தால் அருமையாகச் சுற்றும். அதுதான் ஏமாற்றுவது. ஓடும்போது பினியன் முன்னும் பின்னும் நகரும், பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலோடு பல் பொருந்தும் இடம் மாறும், நட்டும் தளரும்.

போரால் மூடியிருந்த கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 பாதை 2002இல் திறந்ததற்கு அடுத்த வருடம். நான் தனியாகக் கராஜ் போட்டுக் கொஞ்ச நாள். மணற்காட்டுக் கரையிலிருந்து மீன் ஏற்றும் ஐயா ஒருவர் ஹைலக்ஸைக் கொண்டுவந்தார். எல்.எஸ்.டி ப்ளேட் முழுக்கத் தேய்ந்திருந்தது, பினியன் சீலும் ஒழுகியது. ப்ளேட் வேலையை நன்றாகவே செய்தேன். பினியன் பெயாரிங்கும் புதிது போட்டேன். நட்டை இறுக்கும்போது கூடிவிட்டது. இன்னொரு ஸ்லீவ் யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையிலும் இல்லை. கொழும்பிலிருந்து பஸ்ஸில் எடுப்பிக்க மூன்று நாள் ஆகும். ஐயாவோ விடிய மீனுக்குப் போக வேண்டும் என்று வாசலில் நிற்கிறார்.

நான் வேலை பழகியது 1990களில், போரில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில். பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓடியது. பழைய அட்டையில் காஸ்கட் வெட்டினோம். கழற்றிய ஒரு வாஷரைக்கூட எறிய மாட்டோம். மொரிஸ் மைனரையும் ஒஸ்டினையும் அப்படித்தான் உயிரோடு வைத்திருந்தோம். அதோடு, அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இந்த இடத்தில் நசுங்காத திடக் குழாயும் சிம்மும்தான் இருக்கும். கழற்றலாம், பூட்டலாம், திரும்பவும் கழற்றலாம். அந்தப் பழக்கம் கையில் இருந்தது. நட்டைக் கால் சுற்றுப் பின்னுக்கு எடுத்து, மரையில் பசை போட்டு, வண்டியைக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் கிழமை ஐயா வந்து, அக்சிலரேட்டரை விட்டவுடன் பின்னால் ஊளையிடுகிறது என்றார். புதுப் பெயாரிங், பழகட்டும் என்று அனுப்பினேன். இன்னொரு மாதத்தில் கொடிகாமத்துக்கு இந்தப் பக்கம் ஏற்றிய மீனோடு வண்டி நின்றது. கழற்றியபோது பினியனில் மூன்று பல் இல்லை. கிரவுன் வீலின் பல்லெல்லாம் ஓரம் கொத்தியிருந்தது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று உரசிச் சோடியாக வருபவை. ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. சோடியின் காசை நான்தான் கட்டினேன், கட்டத்தான் வேண்டும். அன்றைய மீன் முழுக்கக் கெட்டுப்போனது. ஐயா ஒரு வார்த்தையும் பேசாமல் ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டு நின்றது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஒரு சாண் நீளம்கூட இல்லாத குழாய்க்காக.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். வேலை தொடங்கும் முன்பே இரண்டு புதிய ஸ்லீவ் வாங்கி மேசையில் வையுங்கள், ஒன்று போதும் என்று நினைத்தாலும். கிரவுன் வீலைப் பூட்டாமல் பினியனை மட்டும் வைத்து இறுக்குங்கள். பெயாரிங்குக்கு ஒயில் பூசுங்கள். ஆட்டம் நின்ற பிறகு ஒவ்வொரு சின்ன இழுப்புக்கும் பினியனைப் பல தடவை சுற்றிவிட்டு அளவுங்கள். அளக்கும் கருவி இல்லையென்றால் மீன் நிறுக்கும் சின்ன ஸ்பிரிங் தராசு போதும். பினியன் முனையில் பூட்டும் வட்டத் தட்டான பிளாஞ்சில் நூலைச் சுற்றி, தராசைக் கொளுவி, ஒரே சீராக இழுங்கள். பிளாஞ்சின் ஆரை 5 சென்ரிமீற்றர், தராசு 2 கிலோ காட்டினால், ப்ரீலோட் 10 கிலோகிராம்-சென்ரிமீற்றர். அசையத் தொடங்கும்போது காட்டும் எண் வேண்டாம், சுற்றிக்கொண்டிருக்கும்போது காட்டும் எண்தான் வேண்டும். புதிய பெயாரிங்குக்கு ஓர் அளவு, ஓடிய பெயாரிங்குக்கு அதைவிடக் குறைந்த அளவு என்று புத்தகத்தில் இரண்டாகப் போட்டிருக்கும். மாறிப் பார்க்காதீர்கள். கூடிவிட்டால் முழுக்கக் கழற்றி அடுத்த ஸ்லீவைப் போடுங்கள். வாசலில் யார் நின்றாலும்.

பெயாரிங் மூடிகளை (கப்) இடம் மாற்றிப் பூட்டுவது

கழற்றும் முன் இடம், வலம் என்று குத்தி அடையாளம் வையுங்கள்.

ஒரு சில்லை மட்டும் தூக்கிவிட்டுக் கியர் போடுவது

எல்.எஸ்.டியில் செய்யவே கூடாது. தரையில் இருக்கும் சில்லு வண்டியை ஜக்கிலிருந்து இறக்கிக்கொண்டு போகும்.

விகிதம் பார்க்காமல் பாவித்தது வாங்குவது

திருத்துவதை விடக் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் ஒரு பாவித்த டிஃபரன்சியல் எடுப்பது மலிவாக வரலாம். எடுக்கலாம், ஆனால் பல்லை எண்ணாமல் எடுக்காதீர்கள். கிரவுன் வீலில் 41, பினியனில் 10 என்றால் 4.1. 43க்கு 10 என்றால் 4.3. 41க்கு 9 என்றால் 4.56. வெளியில் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும், போல்ட்டும் பொருந்தும். நான்கு சில்லும் இழுக்கும் வண்டியில் முன் டிஃபரன்சியல் ஒரு விகிதமும் பின் ஒரு விகிதமுமாக இருந்தால், நான்கு சில்லையும் இணைத்து இறுகிய தார்த் தெருவில் ஓடியவுடன் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கும். எங்கே பலவீனமோ அங்கே உடையும். அக்சில் முனையில் வெட்டியிருக்கும் கீற்றுகளின் (ஸ்ப்லைன்) எண்ணிக்கையையும் பாருங்கள். பக்கக் கியர்கள் இரண்டும் எதிரெதிராகக் கையால் இலகுவாகச் சுற்றினால் அது தேய்ந்த எல்.எஸ்.டி, அல்லது எல்.எஸ்.டியே இல்லை.

ஒரு பக்கம் புது ரயர், மறுபக்கம் மொட்டை

இங்கே இது சாதாரணம். ஒன்று வெடித்தால் ஒன்றுதான் வாங்குவார்கள். சாதாரண டிஃபரன்சியல் அதைப் பொறுக்கும். எல்.எஸ்.டியில் விட்டம் வேறுபட்டால் நேர்த் தெருவில் போகும்போதும் ப்ளேட் உரசிக்கொண்டே இருக்கும். கஷ்டப்பட்டுப் போட்ட புது அடுக்குக் கொஞ்ச நாளில் போய்விடும். வாகனத்தைக் கொடுக்கும்போது இதைச் சொந்தக்காரருக்கு வாயால் சொல்லுங்கள்.

மூச்சுத் துளை

கடனீரேரிக் கரையிலும் மாரி வெள்ளத்திலும் ஓடும் வண்டி என்றால் அக்சிலின் மேலிருக்கும் மூச்சுத் துளையைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்திருந்தால், சூடான அக்சில் தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது சீலின் வழியாக உப்புத்தண்ணீரை உறிஞ்சும். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வடிந்தால் அதுதான் காரணம்.

பழக்காமல் கையளிப்பது

பூட்டிய அன்றைக்கே பாரம் ஏற்ற விடாதீர்கள். முதலில் மைதானத்தில் எட்டுப் போட்டு ஒயிலை ப்ளேட்டுகளுக்குள் போகவிடுங்கள். பிறகு பத்துப் பதினைந்து கிலோமீற்றர் மெதுவாக ஓடி, நிறுத்தி, டிஃபரன்சியல் கூட்டில் கை வையுங்கள். கை வைத்திருக்க முடியாத சூடென்றால் ஏதோ கூடியிருக்கிறது. அதன் பிறகு முதல் 1000 கிலோமீற்றருக்குள் ஒயிலை வடித்து மாற்றுங்கள். வடிக்கும் நட்டில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரலால் தேய்த்துப் பாருங்கள். அந்தப் பொடியன்களின் ஹைலக்ஸ் போன கிழமை அதற்காக வந்தது. புது ஸ்லீவ் போட்டு, நூல் சுற்றி, என் தராசால் அளந்து பூட்டிய வண்டி. காந்தத்தில் மா மாதிரிச் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் இருந்தது, அவ்வளவுதான். இரும்புச் செதில் ஒன்றும் இல்லை.