கௌட்: பருப்பை நிறுத்துகிறோம், மாத்திரையையும் நிறுத்துகிறோம்

முழு உடல் பரிசோதனை அறிக்கையில் யூரிக் அமிலம் 7.6 என்று தடித்த எழுத்தில் அச்சாகி வந்துவிட்டால் போதும், அன்று இரவே வீட்டில் சாம்பார் நின்றுவிடுகிறது. மறுநாள் தக்காளி போகிறது, வார இறுதிக்குள் கீரையும் போய்விடுகிறது. இத்தனைக்கும் அந்த மனிதருக்கு இதுவரை ஒரு மூட்டிலும் வலி வந்ததில்லை. யூரிக் அமிலம் மூட்டுகளில் படிகமாகப் படிந்து வலி தரும் நோயான கௌட் விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு, இப்படி எண்ணுக்கு வைத்தியம் பார்ப்பதுதான்.

யூரிக் அமிலம் கூடியிருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கௌட் வருவதே இல்லை. மூட்டு வலியோ சிறுநீரகக் கல்லோ இல்லாதவருக்கு அந்த எண்ணைக் குறைப்பதற்காக மட்டும் பொதுவாக மருந்து கொடுப்பதில்லை. எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகம் ஆகியவற்றை ஒருமுறை கவனித்துக்கொள்ளுங்கள் என்று அந்த அறிக்கை சொல்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. நள்ளிரவில் கால் கட்டைவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கி, போர்வை உரசினாலே உயிர் போகிறது. காலையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் யூரிக் அமிலம் 6.2. 'அளவு சரியாகத்தான் இருக்கிறது, எங்காவது சுளுக்கியிருக்கும்' என்று விட்டுவிடுகிறார்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் அமிலம் இறங்கிக் காட்டுவது உண்டு. வீக்கம் வடிந்து இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து மறுபடி பார்த்தால்தான் உண்மையான அளவு தெரியும். சந்தேகம் தீர வேண்டுமென்றால் மூட்டு நீரை ஊசியால் எடுத்து, முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். யூரிக் அமிலத்தின் உப்பான யூரேட், ஊசி ஊசியாகப் படிகங்களாகத் தெரிந்தால் கௌட் என்பது உறுதி.

இந்தப் படிகங்களை மறந்துவிட்டுக் கௌட்டைப் புரிந்துகொள்ள முடியாது. நம் உடல் அணுக்களிலும் உணவிலும் உள்ள பியூரின் என்ற பொருள் சிதைந்து யூரிக் அமிலமாகிறது. மற்றப் பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதை மேலும் உடைக்கும் யூரிகேஸ் என்ற நொதி இருக்கிறது; மனிதனுக்கு இல்லை. ஆகவே சுமார் மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகம் வழியாகவும் மீதி குடல் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், அளவுக்கு மேல் போட்ட உப்பு கரையாமல் அடியில் தங்குவதுபோல, யூரேட் மூட்டுகளில் படியத் தொடங்கலாம். வருடக்கணக்கில் சத்தமில்லாமல் படிந்து கிடக்கும். என்றாவது ஒருநாள் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் அதைக் கண்டு பாயும்போதுதான் அந்த இரவு வலி.

கௌட் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிக்கல், யூரிக் அமிலம் அதிகம் உற்பத்தியாவதைவிடச் சிறுநீரகம் அதைச் சரிவர வெளியேற்றாததுதான். இதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. 'வாயைக் கட்டாததால் வந்தது' என்று வீட்டில் உள்ளவர்கள் நோயாளியைக் குத்திக்காட்டுவது அநியாயம்.

சாப்பாட்டுக்கு வருவோம், ஏனென்றால் அதிகத் தவறுகள் நடப்பது அங்கேதான். துவரம்பருப்பு, பசலைக்கீரை, காலிபிளவர், காளான், பட்டாணி எல்லாவற்றையும் விலக்கச் சொல்லும் பட்டியல்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. இவற்றில் பியூரின் இருப்பது உண்மை. ஆனால் அமெரிக்காவில் 47,000க்கும் மேற்பட்ட ஆண்களை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2004இல் வெளியான ஆய்வில், இறைச்சியும் கடலுணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குத்தான் கௌட் கூடியது. பியூரின் மிகுந்த காய்கறிகளால் கூடவில்லை. பால் பொருட்களை அதிகம் எடுத்துக்கொண்டவர்களுக்குக் குறைந்தது. சாம்பாரும் கீரைக்கூட்டும் மோரும் உள்ள சாப்பாட்டால் கௌட் உள்ளவருக்குப் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. பருப்பை நிறுத்திவிட்டு, 'சிக்கன்தானே, மட்டன் இல்லையே' என்று இரண்டு தட்டு சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

குறைக்க வேண்டியவை வேறு. ஆட்டு ஈரல், சுவரொட்டி, மூளை, நெத்திலி, மத்தி, அவற்றின் கருவாடு. அடுத்தது மது. பீரில் ஆல்கஹாலோடு பியூரினும் சேர்ந்து வருவதால் அது மிக மோசம். அதற்காக விஸ்கிக்கு மாறிவிட்டேன் என்று நிம்மதியடைவதில் அர்த்தமில்லை; எந்த மதுவும் வலியைக் கிளப்பும். யாரும் சந்தேகிக்காத எதிரி ஒன்றும் இருக்கிறது: பாட்டில் குளிர்பானமும் சர்க்கரை கலந்த பழச்சாறும். அவற்றிலுள்ள ஃபிரக்டோஸ் உடலுக்குள் யூரிக் அமிலத்தைக் கூட்டுகிறது. எடையைக் குறைக்க வேண்டும் என்று திடீரெனப் பட்டினி கிடப்பதும் வலியை வரவழைக்கும். எடை குறைவது நல்லது, மெதுவாகக் குறையட்டும்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தால்கூட உணவுக் கட்டுப்பாட்டால் யூரிக் அமிலம் பெரும்பாலும் 1 மில்லிகிராம் அளவுக்குத்தான் இறங்கும். 9இல் இருப்பவர் பத்தியத்தை மட்டும் நம்பி 6க்குக் கீழே வருவது கடினம். முடக்கத்தான் தோசை ருசிக்காகச் சாப்பிடலாம். மருந்துக்குப் பதிலாக அல்ல.

வலி வந்த இரவுக்கான தவறுகள் தனி ரகம். தைலம் தேய்த்து நீவுவது, வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது இரண்டும் நம் கை தானாகச் செய்யும் காரியங்கள். கொதித்துக்கொண்டிருக்கும் மூட்டை நீவினால் வலி கூடத்தான் செய்யும். துணியில் சுற்றிய ஐஸ், உயர்த்தி வைத்த கால், ஓய்வு, இவை போதும். மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. வலி நிவாரணி மாத்திரை, கோல்சிசின், ஸ்டீராய்டு ஆகிய மூன்றில் எது பொருந்தும் என்பது அவரவர் சிறுநீரகம், வயிறு, சர்க்கரை நிலையைப் பொறுத்தது. அதனால்தான் மருந்துக் கடையில் வலி மாத்திரையை மாதக்கணக்கில் வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்து. ஏற்கெனவே யூரிக் அமிலத்தைத் தள்ளத் திணறும் சிறுநீரகத்தை அது மேலும் கெடுக்கும்.

கோல்சிசினைப் பற்றி ஒரு சிறு விலகல். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலிருந்து இந்த மருந்தை எடுக்கிறார்கள். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கத்து விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடுவது இதைத்தான். அதன் கிழங்கு கொடிய நஞ்சு, நாட்டு மருந்து என்று அரைத்துச் சாப்பிட்டு உயிரை விட்டுவிடக் கூடாது. மாத்திரையிலும் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறைவு. வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கு ஒன்று விழுங்கச் சொன்ன காலம் இருந்தது. 2010இல் வெளியான ஆய்வு, ஒரு மணி நேரத்தில் எடுக்கும் மொத்தம் 1.8 மில்லிகிராமே, ஆறு மணி நேரத்தில் எடுக்கும் 4.8 மில்லிகிராமுக்கு இணையாக வேலை செய்வதைக் காட்டிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. மூட்டு வீக்கத்தோடு குளிர்காய்ச்சலும் வந்தால், 'எனக்குப் பழகிய வலிதான்' என்று வீட்டில் இருக்காதீர்கள். மூட்டுக்குள் கிருமி புகுந்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும், கௌட் உள்ள மூட்டிலும் புகலாம். அது அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம்.

எல்லாத் தவறுகளிலும் பெரியது, வலி போனதும் நோய் போனதாக நினைப்பது. சிகிச்சை இல்லாமலேயே ஒன்றிரண்டு வாரத்தில் வலி அடங்கிவிடும். படிகங்கள் அங்கேயே இருக்கும். அடுத்த வலி ஆறு மாதத்தில், பிறகு மூன்று மாதத்தில், பிறகு கணுக்கால், முழங்கால், கைவிரல் என்று பரவும். கடைசியில் காது மடலிலும் முழங்கையிலும் சுண்ணாம்புபோல் வெள்ளையாகக் கட்டிகள் வரும். அடிக்கடி வலி வருபவர்கள், கட்டி உள்ளவர்கள் யூரிக் அமிலத்தை நிரந்தரமாக 6க்குக் கீழே வைத்தாக வேண்டும். அந்த அளவில் படிந்தவை மெல்ல மெல்லக் கரையும்.

அதற்கு முதலில் கொடுக்கும் மருந்து அலோபியூரினால். 1960களிலிருந்து புழக்கத்தில் உள்ள, விலை மலிவான மருந்து. இதிலும் மூன்று இடங்களில் சறுக்குகிறார்கள். முதல் சில மாதங்களில் பழைய படிகங்கள் கலைவதால் வலி முன்பைவிட அடிக்கடி வரலாம். 'மாத்திரையால்தான் வந்தது' என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இதைத் தடுக்கத்தான் மருத்துவர் மூன்று முதல் ஆறு மாதம் வரை குறைந்த அளவு கோல்சிசினும் சேர்த்துத் தருகிறார். அடுத்து, 100 மில்லிகிராமில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுவது. ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டினால்தான் இலக்கு எட்டும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செவிலியர்கள் நோயாளிகளுக்கு நோயை விளக்கிச் சொல்லி அளவைப் படிப்படியாகக் கூட்டியபோது, இரண்டு ஆண்டு முடிவில் 95 சதவீதம் பேர் இலக்கை எட்டினார்கள். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் சுமார் 30 சதவீதம்தான். மருந்து அதேதான், பின்தொடர்ந்த விதம்தான் வேறு. மூன்றாவது, ஏற்கெனவே சாப்பிட்டுவரும் மாத்திரையை வலி வந்த நாளில் நிறுத்துவது. நிறுத்தக் கூடாது. நிறுத்தியே ஆக வேண்டிய நேரம், உடலில் தடிப்போ வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால்தான். அரிதாக வரும் அந்த ஒவ்வாமை உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகக்கூடும் என்பதால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் கௌட் வரும், அவர்களுக்கு இது பெரும்பாலும் 'வயசான வாதம்' என்று தள்ளப்பட்டுவிடுகிறது. இவர்களில் பலர் ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த மாத்திரை சாப்பிடுபவர்கள். அது யூரிக் அமிலத்தைக் கூட்டும். லோசார்ட்டன் என்ற வேறொரு ரத்த அழுத்த மாத்திரை ஓரளவு குறைக்கும். மாற்ற முடியுமா என்று மருத்துவரைக் கேட்கலாம். காசநோய்க்குத் தரும் பைரசினமைடும், இதயத்துக்கான சிறு அளவு ஆஸ்பிரினும் கூட்டுபவைதான், ஆனால் அவற்றைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு, புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்க அசதயோபிரின் சாப்பிடுபவர்கள், கௌட்டுக்காக யாரைப் பார்க்கப் போனாலும் அந்த மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். அதனோடு அலோபியூரினால் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையே முடங்கிவிடும்.