கைலி முடிச்சு போடும்வரை: பக்கவாதம் வந்த கையைப் பழக்கும் முறை

நான் தையல்காரன். ரங்கூனில் நாற்பது வருஷமாகக் கைலி மூட்டிக் கொடுத்தவன். 2022 நவம்பரில் ஒரு காலை எழுந்தபோது வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று மனைவிதான் எனக்குக் கைலி கட்டிவிட்டாள். ஊருக்கெல்லாம் மூட்டியவன், குழந்தை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அந்த முடிச்சை நானே போட வேண்டும் என்று அன்றே குறி வைத்தேன். 14 மாதம் பிடித்தது. எதைச் செய்து வந்தது, எதைச் செய்து கெட்டது என்று கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் டாக்டரும் பிசியோவும் சொல்வதற்கு அடுத்த இடத்தில் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பர்மியர்கள் இந்த நோயை ‘லே பியத்’ என்பார்கள். காற்று வெட்டியது என்று பொருள். நாமும் வாதம் என்கிறோம், அதுவும் காற்றுதான். அதனாலோ என்னவோ, பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு எண்ணெய்ப் புட்டியோடு வந்தார்கள். எனக்கு நடந்தது வேறு: மூளையின் இடது பக்கம் போகும் ரத்தக் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது. உடம்பின் வலது பக்கத்தை ஆள்வது அந்த இடது மூளை. கை அப்படியே இருக்கிறது, கைக்கு உத்தரவு போடும் இடம்தான் போய்விட்டது. மிஞ்சிய மூளை அந்த வேலையைப் படித்துக்கொள்ள வேண்டும். நீங்களே அசைக்க முயன்றால்தான் அது படிக்கும். என் மச்சான் இரண்டு மாதம் தினமும் எண்ணெய் தேய்த்துவிட்டார். சுகமாகத்தான் இருந்தது. ஆனால் பயிற்சி கிடைத்தது அவர் கைக்கு.

ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயம். விழுங்குவது சரியாக இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொல்லும்வரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சோற்றை விடத் தண்ணீர் சுலபமாக மூச்சுக் குழாயில் போய்விடும். அடுத்து, ரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. இரண்டாவது அடி வந்தால் இதுவரை பட்ட பாடெல்லாம் வீண்.

எப்போது தொடங்குவது? முதல் நாளே நோயாளியைத் தூக்கி நிறுத்திப் பாடாய்ப் படுத்த வேண்டாம். 2015இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் 2104 பேரைப் பார்த்தார்கள். முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே அதிகமாக எழுப்பி நடமாட வைத்தவர்களுக்குப் பலன் குறைவாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி என்பதுதான் நல்லது. எனக்கு வந்த பிசியோ, பர்மாவின் கரேன் இனத்துப் பெண். “ஊலே, பியே பியே” என்பாள். மாமா, மெதுவா மெதுவா என்று அர்த்தம். முதல் மூன்று மாதம் வேகமாகத் திரும்பும், அப்புறம் நடை தளரும். ஆறு மாதத்தோடு கதவு சாத்திவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் கட்டைவிரல் ஒன்பதாவது மாதத்தில்தான் விரிந்தது.

கையை எழுப்பும் முன் தோளைக் காப்பாற்றுங்கள். இதைத்தான் நான் கோட்டை விட்டேன். தொய்ந்த கை கனமானது. அதைத் தாங்கும் தசை தூங்கிக்கொண்டிருப்பதால், கையின் கனமே தோள் மூட்டைக் குழியிலிருந்து கீழே இழுத்துவிடும். மூன்றாவது வாரம், படியேற உதவ வந்த ஒருவர் நல்ல எண்ணத்தோடு என் வலது கையைப் பிடித்து ‘எழுந்திருங்க’ என்று ஒரு இழு இழுத்தார். அதிலிருந்து ஐந்து வாரம் தோளைத் தொடவிடவில்லை. பயிற்சி எல்லாம் நின்றுபோனது. ஆகவே வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: அந்தக் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, அக்குளில் கை கொடுத்துத் தூக்கக்கூடாது. முதுகுப் பக்கம் தோள்பட்டையையும் இடுப்பையும் பிடித்து எழுப்புங்கள். உட்கார்ந்தால் முழங்கைக்குக் கீழே தலையணை. மேலே கப்பி கட்டிக் கயிற்றை இழுக்கும் பயிற்சி இந்தத் தோளுக்கு ஆகாது.

காலுக்கு நான் செய்தது பெரும்பாலும் ஒன்றே ஒன்று, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. பாதத்தை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்துக்கொண்டு, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை குனிந்து எழ வேண்டும். நல்ல காலில் மட்டும் சாயாதீர்கள். முதலில் உயரமான நாற்காலி, பிறகு தாழ்ந்தது. எங்கள் வீடு மூன்றாவது மாடி. ரங்கூன் பழைய கட்டடப் படி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்: செங்குத்து, இருட்டு, லிப்ட் கிடையாது. ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது கெட்ட காலை முதலில் வையுங்கள். துணைக்கு வருகிறவர் உங்களுக்குக் கீழ்ப்படியில் நிற்க வேண்டும்.

இனி கை. விரல் அசையவே இல்லை என்ற காலத்தில் பிசியோ பெண் ஒரு கண்ணாடி கொண்டுவரச் சொன்னாள். மேஜை நடுவில் நிமிர்த்தி வைத்து, கெட்ட கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்துவிட வேண்டும். நல்ல கையை அசைத்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தால், கெட்ட கை அசைவது போலத் தெரியும். அதோடு சேர்ந்து கெட்ட கையையும் அசைக்க முயல வேண்டும். கை துண்டிக்கப்பட்டவர்களின் வலிக்காக நம் தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன் கொண்டுவந்த உத்தி இது, பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது. கண்கட்டு வித்தை மாதிரி இருக்கிறதே என்று சிரித்தேன். சரி, செலவில்லையே என்று காலையில் பதினைந்து நிமிஷம், மாலையில் பதினைந்து நிமிஷம் செய்தேன்.

கொஞ்சம் அசைவு வந்ததும் எண்ணிக்கைதான் எல்லாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் சிகிச்சை நேரத்தில் நோயாளிகள் கையால் எத்தனை தடவை வேலை செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, 2009இல் எழுதினார்கள். ஒரு அமர்வுக்குச் சராசரி 32. விலங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் மூளை மாறுவதற்குத் தினம் நூற்றுக்கணக்கில் செய்ய வைத்தார்கள். நான் 300 என்று வைத்துக்கொண்டேன், ஒரே மூச்சில் இல்லை, நாள் முழுவதும் பிரித்து. மேஜையில் துண்டைப் போட்டு முன்னே தள்ளி இழுப்பது 60. பல்லாங்குழியில் புளியங்கொட்டை போடுவது 100. பேத்தி எதிரே உட்கார்ந்து, “தாத்தா, அந்தக் குழியிலே ரெண்டு போட்டுட்டீங்க” என்று சண்டை பிடிப்பாள். அவள் கண்ணுக்குத் தப்பி ஏமாற்ற முடியாது. மின்சாரம் இல்லாத மாலைகளில் வேறு வேலையும் கிடையாது.

மிச்சத்தைக் கயிறு பார்த்துக்கொண்டது. எங்கள் ஊர் மாடி வீடுகளில் பால்கனியிலிருந்து தெருவரை கயிறு தொங்கும். கீழே ஒரு கிளிப், மேலே ஒரு மணி. பத்திரிகைக்காரரும் கீரைக்காரம்மாவும் கிளிப்பில் மாட்டிவிட்டு இழுத்தால் மேலே மணி அடிக்கும். கைப்பிடிச் சுவரை ஒட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கயிறு வயிற்று மட்டத்தில் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். வலது கையால் பிடித்து, இழுத்து, விட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். இடது கை பின்னால் பிரேக்காக இருக்கட்டும். ஒரு வாரம் வெறும் கிளிப், பிறகு ஒரு பத்திரிகை, பிறகு காய்கறிப் பை. மூன்று மாடிக்கு எனக்கு நாற்பது பிடி ஆகும். பிடிப்பது சுலபமாக வந்தது, விடுவதுதான் வரவில்லை. கயிற்றைப் பற்றிய விரல் திறக்க மாட்டேன் என்றது. ஒரு நாள் வலுக்கட்டாயமாகத் திறந்ததில் இரண்டு கையும் சேர்ந்து விட்டுவிட்டன. ஒரு கட்டு புளிச்சக்கீரை, கீழே நின்ற சைக்கா (எங்கள் ஊர் சைக்கிள் ரிக்‌ஷா) மேலே விழுந்தது. கீரையோடு போயிற்று. முட்டையை நான் ஏற்றவே இல்லை.

இதிலிருந்து ஒன்று புரிந்தது. ரப்பர் பந்தை அமுக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். மூடுவது தானாகவே வருகிறது, விரல் தானாக மடங்கி இறுகவும் செய்கிறது. பழக வேண்டியது திறப்பது. மணிக்கட்டைச் சற்று உள்பக்கம் மடக்கினால் விரல் இளகும். பிறகு கட்டைவிரலின் அடிப்பகுதியைப் பிடித்து மெதுவாக விரியுங்கள். நுனியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் இன்னும் இறுகிக்கொள்ளும்.

இடது கையும் ஒரு தொல்லை. எல்லா வேலையையும் முந்திக்கொண்டு செய்துவிடும், வலது கை சும்மா இருந்து பழகிவிடும். அதற்காக நல்ல கைக்கு உறை போட்டுக் கட்டி வைக்கும் முறை உண்டு. 2006இல் வந்த அமெரிக்க ஆய்வில் 222 பேர். உறை போட்டவர்கள் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அப்படியே இருந்து, தினமும் மணிக்கணக்கில் கெட்ட கையால் வேலை செய்தார்கள். பலன் ஒரு வருஷம் கழித்தும் நிலைத்திருந்தது. ஆனால் மணிக்கட்டு 20 பாகை, விரல்கள் 10 பாகையாவது நிமிர்பவர்களுக்குத்தான் இது. அசையாத கையை வைத்துக்கொண்டு நல்ல கையையும் கட்டினால் கோபம்தான் வரும். நான் பழைய காலுறையை மாட்டிக்கொண்டேன். படியில், குளியலறையில், சூடான டீ முன்னால் கழற்றிவிடுவேன். சாப்பாட்டு நேரத்தில் மாட்டியபோதுதான் தகராறு. மொஹிங்கா (பர்மியர்களின் மீன் குழம்பு நூடுல்ஸ்) குழம்பு பாதி சட்டையில். “என்னங்க, ஸ்பூனிலே ஊட்டட்டுமா?” என்பாள் மனைவி. ஊட்டக்கூடாது. பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கஷ்டமான வேலை.

முடிச்சுக்கு வருவோம். ஒரே வேலையாகப் பார்த்தால் வராது என்று துண்டு துண்டாகப் பிரித்தேன். முதலில் தலையணையைச் சுற்றிப் பழைய கைலி, மடியில் வைத்துக்கொண்டு. வலது விரலால் விளிம்பைக் கிள்ளிப் பிடிப்பது மட்டும் ஒரு மாதம். அப்புறம் இரண்டு பக்கத் துணியையும் வயிற்றுக்கு நடுவில் கொண்டுவருவது. அப்புறம் ஒன்றின்மேல் ஒன்றை முறுக்குவது. கடைசியில் நுனியைச் செருகுவது, அதற்குக் கட்டைவிரல் வேண்டும், அது ஒன்பதாம் மாதம்வரை காக்க வைத்தது. நின்று கட்டும்போது கட்டிலின் விளிம்பில் தொடைப் பின்பக்கம் படும்படி நின்றுகொள்ளுங்கள், உள்ளே அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். புதுக் கைலி கஞ்சியோடு வழுக்கும், பலமுறை துவைத்த பருத்தி நல்லது.

2024 ஜனவரியில் நானே கட்டிக்கொண்டு டீக்கடைக்கு இறங்கினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் முடிச்சு தளர்ந்தது. சுவரில் சாய்ந்து நின்று மறுபடி கட்டினேன். இப்போதும் தினமும் அந்தத் திருப்பத்தில்தான் தளர்கிறது. கீழ் வீட்டுக்காரர்கள் அங்கே எனக்காக ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறார்கள்.