ஆபீஸில் எடை குறைய வேண்டுமா? டீ நேரத்திலிருந்து ஆரம்பியுங்கள்

ஊழியர்கள் உடம்பைக் குறைக்க வேண்டும் என்று நினைக்கிற மேலாளர்கள் முதலில் செய்வது எல்லோர் முன்னாலும் எடை பார்த்துப் போட்டி வைப்பது. தயவுசெய்து வேண்டாம். கூச்சப்படுகிறவர் அன்றைக்கு லீவு போட்டுவிடுவார், அவ்வளவுதான்.

நாலு மணி டீயில் கை வையுங்கள். சர்க்கரை போடாமல் டீ கொடுத்து, சர்க்கரை டப்பாவைத் தனியாக வைத்தாலே பாதிப் பேர் குறைத்துப் போடுவார்கள். ஒரு டீஸ்பூன் சுமார் 4 கிராம். டம்ளருக்கு இரண்டு, நாளைக்கு நாலு டீ என்றால் 32 கிராம், ஆனால் உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. பஜ்ஜியை ஒரேயடியாக நிறுத்தினால் வெளிக்கடைக்குப் போவார்கள், அதனால் வெள்ளிக்கிழமை மட்டும் இருக்கட்டும், மற்ற நாளில் சுண்டல், கொய்யா. பிறந்தநாள் கேக்கை மாதம் ஒருமுறை எல்லோருக்கும் சேர்த்து வெட்டுங்கள்.

அப்புறம் நடை. வாரத்துக்கு 150 நிமிடம் கொஞ்சம் வேகமாக நடக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் தினம் 15 நிமிடம் நடக்க விட்டால் ஐந்து நாளில் பாதி வந்துவிடும். அந்த நேரத்தில் மீட்டிங் வைக்காதீர்கள். மேலாளரும் கூடவே இறங்கி நடக்கவேண்டும், இல்லையென்றால் ஒருவரும் நாற்காலியை விட்டு எழமாட்டார்கள். சுகர் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பாட்டை மாற்றட்டும்.