அலமாரியில் யார் இருக்கிறார்கள்? வகுப்பறைக்கும் வீட்டுக்கும் சிறுவர் நூல்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

தமிழில் குழந்தைகளுக்குப் படிக்க ஒன்றுமில்லை என்ற பழைய குறை இன்று பெரிதும் பொருந்தாது. தூலிகா, தாரா, பிரதம் புக்ஸ், நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன் எனப் பல பதிப்பகங்களின் சிறுவர் நூல்கள் இப்போது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. இருந்தும், ஒரு தொடக்கப் பள்ளியின் வாசிப்பு மூலையிலோ நடுத்தரக் குடும்பத்தின் அலமாரியிலோ இருப்பவற்றை எடுத்துப் புரட்டினால் ஒரே வகை வீடுதான் திரும்பத் திரும்ப வருகிறது. அப்பா அலுவலகம் போவார். அம்மா சமையலறையில் இருப்பார். பாட்டி ஊஞ்சலில் அமர்ந்து கதை சொல்வார். தோட்டம் வைத்த வீட்டில் சிவந்த நிறமுள்ள அண்ணனும் தங்கையும் விளையாடுவார்கள். மீதி இடத்தைச் சிங்கமும் நரியும் அரசரும் அமைச்சரும் பிடித்துக்கொள்வார்கள்.

இந்தக் குறையைக் களைய ஒவ்வொரு நூலிலும் எல்லாச் சமூகத்தாரையும் கொண்டுவந்து நிறுத்த வேண்டியதில்லை. அப்படி எழுதப்பட்ட நூல்களில் ஓர் இந்துச் சிறுவனும் ஒரு முஸ்லிம் சிறுமியும் ஒரு கிறித்தவச் சிறுவனும் கைகோத்து நிற்பார்கள். கதை மட்டும் இருக்காது. பன்மை அலமாரி முழுவதிலும் தெரிந்தால் போதும்; தனி ஒரு நூலுக்கு நல்ல கதையாக இருப்பதே முதல் கடமை. தேர்வுக்கு நான் நம்பும் அளவுகோல் ஒன்றே ஒன்று: கதையில் வரும் குழந்தையைப் போன்ற ஒருவர் வகுப்பில் அமர்ந்திருக்கும்போது, அந்த நூலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, அவர் தலைகுனிய நேராமல், உரக்க வாசிக்க முடியுமா?

முதலில் கையிலிருப்பதை எண்ணுங்கள்

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன், இருக்கும் நூல்களைத் தரையில் பரப்பி வைத்து, முதன்மைப் பாத்திரம் யார், அவர் எங்கே வசிக்கிறார், வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள், சிக்கலைத் தீர்ப்பவர் யார் என்று பார்த்துத் தனித்தனியாக அடுக்குங்கள். எண்ணிப் பார்ப்பது எளிய வேலைதான், ஆனால் அதற்கு வலிமை உண்டு. 1965-இல் அமெரிக்காவில் நான்சி லாரிக் என்னும் கல்வியாளர், மூன்று ஆண்டுகளில் அங்கே வெளியான 5,206 சிறுவர் நூல்களை ஆராய்ந்து, அவற்றில் 6.7 விழுக்காட்டு நூல்களில்தான் ஒரு கறுப்பினத்தவராவது இடம்பெற்றிருக்கிறார் என்று எழுதினார். அதற்கு முன்பும் பலர் மனக்குறையாகச் சொல்லிவந்ததுதான் அது. எண்ணிக்கையாக முன்வைத்தபோது பதிப்பாளர்களால் எளிதில் ஒதுக்க முடியவில்லை.

உங்கள் அடுக்குகளில் விலங்குக் கதைகளின் அடுக்கே உயரமாக இருக்க வாய்ப்பு அதிகம். அது தவறன்று; ஆனால் கடற்கரைக் குப்பம், தேயிலைத் தோட்டக் குடியிருப்பு, சென்னையின் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் போன்ற அடுக்குமாடி மறுகுடியமர்வுப் பகுதி, செங்கல் சூளை, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஆகியவற்றில் வளரும் குழந்தைக்கு ஒரு நூலாவது இருக்கிறதா என்று தேடுங்கள். முஸ்லிம் குழந்தை ரம்ஜான் கதையிலும் கிறித்தவக் குழந்தை கிறிஸ்துமஸ் கதையிலும் மட்டுமே வருகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் அவர்களும் பள்ளிக்குப் போகிறார்கள், மழையில் நனைகிறார்கள், பல் விழுந்து அழுகிறார்கள்.

அடுத்தபடியாக வகுப்பில் இருக்கும் குழந்தைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்காகச் சாதிப் பட்டியலைத் திறக்க வேண்டாம். வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள், விடுமுறைக்கு எங்கே போவார்கள், காலையில் யார் தலை வாரி விடுகிறார்கள் என்ற பேச்சிலேயே வேண்டியது கிடைத்துவிடும். ஆம்பூரில் உருது பேசும் குழந்தைகள் இருப்பார்கள்; மதுரையில் சௌராட்டிரம்; திருப்பூரிலும் சென்னையின் புறநகர்களிலும் இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் வீடுகளிலிருந்து வரும் குழந்தைகள் தமிழ்வழி வகுப்பில் அமர்ந்திருப்பார்கள். பாட்டியிடம் வளரும் குழந்தையும் அம்மாவுடன் மட்டும் வாழும் குழந்தையும் எந்த ஊர் வகுப்பிலும் உண்டு.

உரக்க வாசித்துப் பாருங்கள்

பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு நூலை வாங்குவது ஆபத்து. கடையில் நின்றபடியே முழுவதையும் படித்துவிடலாம். படக்கதை நூல்கள் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடுபவை. படிக்கும்போது கதையில் யாருக்கு அறிவும் முடிவெடுக்கும் உரிமையும் தரப்பட்டிருக்கின்றன என்று கவனியுங்கள். தூய்மைப் பணியாளரின் மகளை வகுப்பு கேலி செய்கிறது, ஓர் ஆசிரியர் எல்லாரையும் திருத்துகிறார், முடிவில் அனைவரும் அவளுக்குக் கைதட்டுகிறார்கள் என்று ஒரு கதை போகலாம். எழுதியவரின் நோக்கம் நல்லதுதான். ஆனால் அதை வாசிக்கும்போது உண்மையிலேயே அந்த வேலை செய்பவரின் மகள் வகுப்பில் இருந்தால், அத்தனை கண்களும் அவள் பக்கம் திரும்பும். அவள் பட்டம் விடுகிறாள், பட்டம் மரத்தில் சிக்குகிறது, மாநகராட்சிச் சீருடையோடு வேலை முடித்து வரும் அப்பா அதை எடுத்துத் தருகிறார் என்று இன்னொரு கதை இருந்தால், அதை எவர் முன்னிலையிலும் வாசிக்கலாம். இரண்டாவது வகை நூலைக் கண்டால் யோசிக்காமல் வாங்குங்கள்; அது அரிது.

இப்படிச் சொல்வதால் அநீதியைப் பேசும் நூல்களை ஒதுக்க வேண்டும் என்று பொருள் கொள்ளக் கூடாது. பத்து வயதைத் தாண்டிய குழந்தைகளுக்குச் சாதியைப் பற்றி நேராகப் பேசும் நூல்கள் கட்டாயம் வேண்டும். சதாராவில் சிறுவன் அம்பேத்கர் வகுப்பறைக்குக் கோணிப்பையைக் கொண்டுபோய் அதன்மேல் தனியே அமர்ந்ததையும், பள்ளிப் பணியாளர் ஊற்றினால்தான் அவருக்குத் தண்ணீர் என்றிருந்ததையும் மென்று விழுங்காமல் சொல்லும் நூல் நல்ல நூல். அவற்றிலும் பார்க்க வேண்டியது, ஒடுக்கப்பட்ட குழந்தைக்குக் கோபமும் நகைச்சுவையும் சொந்த முடிவும் இருக்கின்றனவா, அல்லது இரக்கமுள்ள ஒருவரின் வருகைக்காக அது காத்திருக்கிறதா என்பதே. ஒரு சமூகத்தைப் பற்றி அலமாரியில் இருப்பவை எல்லாம் துயரக் கதைகளாகவே இருந்தால், அவற்றோடு சேர்த்து வைக்க ஒரு குறும்புக் கதையையும் தேடுங்கள்.

மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் வரும் கதைகளில் முடிவை முதலில் படிக்கலாம். உடல்நலக் குறை அற்புதமாகத் தீர்வது, பதக்கம் வென்ற பிறகே நண்பர்கள் ஏற்றுக்கொள்வது, பார்ப்பவர்கள் கண்ணீர் விடுவது ஆகிய மூன்றில் ஒன்றில் முடிந்தால் நூலை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. நம் சிறுவர் நூல்களோ இன்னும் சக்கர நாற்காலியையும் கறுப்புக் கண்ணாடியையும் பெரிதாகத் தாண்டவில்லை. எழுத்துகளை வரிசையாகப் படிக்கத் திணறும் குழந்தையும், சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும் ஆட்டிசக் குழந்தையும் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார்கள்.

பழங்குடியினர் பற்றிய நூல்களில் பெயரைத் தேடுங்கள். நீலகிரியில் மட்டும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய மொழிகளும் வீடுகளும் வேறு வேறு. இவற்றுள் எதையும் சொல்லாமல் காட்டில் ஒரு பழங்குடிச் சிறுவன் இருந்தான் என்று தொடங்கி, இலையாடை உடுத்தி ஆடும் படத்தைப் போட்டிருந்தால், எழுதியவர் அங்கே போகவில்லை என்று கொள்ளலாம்.

படங்களுக்கும் இதே கவனம் வேண்டும். நல்லவர் வெளுப்பாகவும் திருடன் கறுப்பாகவும் வரையப்பட்டிருப்பது நம் சிறுவர் நூல்களின் தீராத நோய். எழுத்தில் ஒரு தவறும் இல்லாத நூல்கூட இங்கே தோற்றுவிடும். ஓவியரின் பெயர் அட்டையில் எழுத்தாளர் பெயருக்கு இணையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மத்திய இந்தியாவின் கோண்டுப் பழங்குடியினர் முதலிய மரபு ஓவியர்களோடு சேர்ந்து தாரா பதிப்பகம் உருவாக்கிய நூல்களில், ஓவியரே ஆசிரியராகவும் முன்நிற்பதைக் காணலாம்.

பழைய நாட்டுப்புறக் கதைகளில் கொடுமைக்காரச் சிற்றன்னையும் சூழ்ச்சி செய்யும் கூனியும் வருவதால் அவற்றைத் தூக்கி எறிய வேண்டுமா என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. ஒன்றாம் இரண்டாம் வகுப்பு அலமாரியிலிருந்து எடுத்துவிட்டு, நான்காம் ஐந்தாம் வகுப்பில் சிற்றன்னையின் வாயிலாக அதே கதையைச் சொல்லச் சொல்லிப் பாருங்கள்.

மொழியும் படிநிலையும்

தமிழில் ஒரு நூல் எந்த வயதுக்கு உரியது என்பதைச் சொற்களின் எண்ணிக்கை மட்டும் சொல்லாது. பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் முதல் படி 250 சொற்களுக்கு உட்பட்ட கதைகளுக்கு உரியது. ஆங்கிலத்திலிருந்து வரும் கதை தமிழில் இன்னும் குறைந்த சொற்களில் முடிந்துவிடும். ஆனால் ‘பார்த்துக்கொண்டிருந்தார்கள்’ என்ற ஒற்றைச் சொல்லைக் கூட்டிப் படிக்க முதல் வகுப்புக் குழந்தை ஒரு நிமிடம் போராடும். எனவே பக்கத்தைத் திறந்து, மிக நீளமான சொல்லைக் கண்டுபிடித்து, அதை உங்கள் வகுப்பின் நடுத்தர வாசகரால் படிக்க முடியுமா என்று பாருங்கள். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிகளில் தமிழுக்கென்றே வகுக்கப்பட்டவை என்பதால், மற்ற நூல்களை எடைபோட அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

உரையாடலில் கொங்குப் பேச்சோ நெல்லைப் பேச்சோ யாழ்ப்பாணப் பேச்சோ குமரிக் கடலோரப் பேச்சோ வந்தால் அதைக் கொச்சை என்று ஒதுக்குவது இன்றும் நடக்கிறது. வட்டாரப் பேச்சைக் கேலிக்குரிய பாத்திரத்துக்கு மட்டும் கொடுத்த நூலைத்தான் ஒதுக்க வேண்டும்.

எங்கே தேடுவது

பணம் இல்லாத பள்ளிக்கு முதல் இடம் ஸ்டோரிவீவர். 2015-இல் தொடங்கப்பட்ட அந்தத் தளத்தில் கதைகளை இலவசமாகப் படிக்கலாம், தரவிறக்கலாம், அச்சிடலாம். ஒரே கதை தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் கிடைத்தால் மூன்றையும் அச்சிட்டுச் சேர்த்துத் தைத்து வைக்கலாம். புலம்பெயர்ந்து வந்த தொழிலாளரின் குழந்தை தன் மொழிப் பக்கத்தை வகுப்புக்குப் படித்துக் காட்டும் அன்று ஆசிரியரே மாணவராக அமர்ந்து கேட்கலாம். எல்லாக் கதைகளும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. பலரும் மொழிபெயர்த்துப் பதிவேற்றும் தளம் அது என்பதால், உரக்க வாசிக்கும் சோதனை இங்கே இரட்டிப்பாகத் தேவை.

சாகித்திய அகாதெமி சிறுவர் இலக்கியத்துக்காக 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்கார் விருதுப் பட்டியல் பெரிய குழந்தைகளுக்கான நூல்களைத் தேட உதவும். அறிவியலுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழ் 1987 முதல் வருகிறது. சென்னையின் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையின் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர் பிரிவு உண்டு. வாங்குவதற்கு முன் அங்கே உட்கார்ந்து படித்துவிடலாம். புத்தகக் காட்சிகளில் வழக்கமாகப் பத்து விழுக்காடு தள்ளுபடி கிடைக்கும். மொழிபெயர்ப்புகளையும் விட்டுவிடாதீர்கள்: மாஸ்கோவில் தமிழில் அச்சாகி நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக வந்த சோவியத் சிறுவர் நூல்களில்தான் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை பனிக்காலத்தை முதன்முதலில் பார்த்தது. இன்று மலையாளத்திலிருந்து அதுபோல நல்ல நூல்கள் வருகின்றன.

வீட்டில்

1990-இல் ரூடின் சிம்ஸ் பிஷப் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், நூல்கள் குழந்தைக்குத் தன்னைக் காட்டும் கண்ணாடியாகவும் பிறரைக் காட்டும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்று எழுதினார். வசதியான நகர்ப்புற வீட்டுக் குழந்தைக்குக் கண்ணாடிக்குப் பஞ்சமில்லை. அங்கே வாங்க வேண்டியவை சன்னல்கள்தாம். வெளிநாட்டில் வளரும் தமிழ்க் குழந்தைக்கோ, அக்ரகாரமும் வயல்வெளியும் வரும் தமிழ் நூல் சன்னலாக மட்டுமே நின்றுவிடுகிறது. வார இறுதித் தமிழ் வகுப்புகள் குளிர்கோட்டு அணிந்த தமிழ்க் குழந்தையின் கதையையும் தேட வேண்டும். தமிழ் படிக்கத் தடுமாறும் ஆங்கில வழிக் குழந்தைக்குத் தூலிகாவின் இருமொழி நூல்கள் நல்ல தொடக்கம். குழந்தைக்கு ரயில் பிடித்தால் ரயிலிலிருந்தே தொடங்குங்கள். பெண் ஓட்டுநர் வரும் ரயில் கதையைக் குழந்தை ரயிலுக்காகவே படிக்கும்.

வாங்கிய பிறகு

எந்தக் குழந்தையிடமும் ‘இது உன் கதை’ என்று சொல்லி நூலை நீட்டாதீர்கள். தன் சமூகத்தைப் பற்றி வகுப்புக்கு விளக்கவும் சொல்லாதீர்கள். நூலை முகப்புத் தெரிய மற்றவற்றோடு வைத்தால் போதும், வேண்டியவர் எடுப்பார். மகளிர் நாள், மாற்றுத்திறனாளிகள் நாள் என்று அந்தந்த நாளில் மட்டும் அந்தந்த நூலை வெளியே எடுக்கும் வழக்கம் வேண்டாம். பருவத்துக்கு ஒருமுறை அலமாரியை மீண்டும் எண்ணுங்கள். கிழிந்துபோன நூலுக்கு இரண்டு படிகள் வாங்குங்கள். யாரும் தொடாத நூலை நீக்குவதற்கு முன் ஒருமுறை நீங்களே வகுப்பில் வாசித்துக் காட்டி, பிறகும் எவரும் கேட்கவில்லையென்றால் வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுங்கள்.