நீலகிரியின் சிறுபான்மை மக்கள்: கணக்கெடுப்பைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியைப் பற்றிப் புராஜெக்ட் எழுத வருகிறவர்கள் பழங்குடிகளில்தான் தொடங்குவார்கள். படுகர்களையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது முதல் சறுக்கல். அவர்கள் இருப்பது பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். அவர்களுடைய மொழியும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னடத்துக்குக் கீழேதான் வரும். மேல் வரியை மட்டும் பார்த்தால், 'இங்கே இத்தனை கன்னடர்களா?' என்று தோன்றும்.

2011 கணக்குப்படி மாவட்டத்தில் பழங்குடிகள் 32,813 பேர். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எல்லாரும் அதற்குள்ளே. இதற்கு ஒரே சராசரி போட்டால், 'மந்து' எனப்படும் தங்கள் குடியிருப்பைச் சுற்றி நிலமுள்ள தோடரும் கூடலூர் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போகும் பணியரும் ஒன்றாகிவிடுவார்கள். சதவீதத்திலும் கவனம் வேண்டும். தோடர்கள் 2,002 பேர்தான். இருபது பேர் கோவைக்கு வேலைக்குப் போனாலே ஒரு சதவீதம் குறைந்துவிடும்.

என்னைக் கேட்டால், எல்லாரும் தவறவிடுவது தாயகம் திரும்பியோரைத்தான். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. இன்றைய டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) அதுதான். பேசுவது தமிழ், பெரும்பாலோர் இந்துக்கள். அதனால் மொழிச் சிறுபான்மைப் பத்தியிலும் இல்லை, மதச் சிறுபான்மைப் பத்தியிலும் இல்லை. மாவட்ட மக்களில் 32 சதவீதம் பட்டியல் சாதியினர்; பலர் அதற்குள் கரைந்திருக்கிறார்கள். சரி, அந்த 32-ஐ அப்படியே அவர்கள் தலையில் கட்டவும் முடியாது. வெள்ளைக்காரர் காலத்திலேயே சமவெளியிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பங்களும் அதில் உண்டு. வீட்டுக் கணக்கும் இங்கே ஏமாற்றும். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுக்குக் கூரை உண்டு, கரண்ட் உண்டு என்று அட்டவணை சொல்லும். வேலையோடு வந்த வீடு வேலையோடு போய்விடும் என்பதைச் சொல்லாது.

கூடலூரில் பட்டா இல்லாதவரையெல்லாம் நிலமற்றவர் என்று எழுதாதீர்கள். 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கி, யாருக்கு உரிமை என்று தீராமல் கிடக்கும் நிலத்தில் காலங்காலமாக மிளகும் காப்பியும் போடுகிறவர்கள் ஏராளம். கேரளத்திலிருந்து குடியேறிய மலையாளிகளும் அதில் அடக்கம்.

அப்புறம், 2011 கணக்கில் வரும் ஆயிரம் ஆணுக்கு 1,042 பெண் என்ற எண். பெண்கள் நிலை உயர்ந்ததற்கு இதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். 2001-க்கும் 2011-க்கும் இடையில் மாவட்ட மக்கள்தொகை 7,62,141-இலிருந்து 7,35,394-ஆகக் குறைந்தது. பச்சைத் தேயிலை விலை விழுந்த பின் திருப்பூருக்கும் கோவைக்கும் பஸ் ஏறியவர்களையும் சேர்த்துத்தான் அந்த 1,042-ஐப் படிக்க வேண்டும். ஆண்கள் அதிகமாக வெளியேறினாலும் இந்த எண் உயரும்.